நான்கு நான்கு பேராக

ஐந்து பேரோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கூடக் கூடாது, சேர்ந்து நடக்கக் கூடாது என்ற உத்தரவு எண்பத்தெட்டில், பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, வானொலியில் வாசிக்கப்பட்டது. அதன் பிறகு எங்கள் காதுபட யாரும் அதைத் திரும்ப வாசிக்கவில்லை. ரத்து செய்ததாகவும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் நூறு பேர் கூடினார்கள். கோயில் திருவிழாவில் தெருவே நிறைந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேறொரு நாள் தேநீர்க் கடையில் ஆறு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து கால்பந்து பேசினார்கள், மூன்று பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். நான் பார்க்கவில்லை; சொன்னார்கள். அந்த உத்தரவு எப்போது உறங்கும், எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அதன் பலம்.

எனக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். நான் பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்து, பிறகு செய்தி எழுதக் கற்றவன். எண்பத்தெட்டில் சில வாரங்களே வெளிவந்து நின்றுபோன தாள்களில் ஒன்றில் எழுதினேன். அதற்காக உள்ளே போனேன். தண்டனை முடிவதற்கு வெகு முன்பே, தொண்ணூறுகளின் நடுவில், கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். இனி எதிலாவது சிக்கினால் புதுத் தண்டனையோடு பழையதில் விட்டுக்கொடுத்த ஆண்டுகளும் சேரும். அந்த ஆண்டுகளை வீட்டில் ‘மீதி’ என்று சொல்வோம். நான் செய்தித்தாளைக் கொஞ்சம் உரக்கப் படித்தால் மனைவி அடுப்படியிலிருந்து, “மீதி இருக்குல்ல?” என்பாள். மடித்து வைத்துவிடுவேன்.

நகரின் நடுவே கியாக்டடா வட்டாரத்தில், ஆற்றுக்குப் போகும் ஒரு குறுக்குத் தெருவில், நான்காம் மாடியில் குடியிருந்தோம். குறுகிய மரப்படி, இருட்டு. பெண்கள் காலையில் சந்தைக்கு ஒருமுறை இறங்குவார்கள், ஏறிவிட்டால் மறுநாள்தான். பலர் அதற்குக்கூட இறங்காமல், கயிற்றில் பையைக் கட்டிக் கீழே விட்டுக் காய்கறியை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஆண்கள் கடையில் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது கடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எண்பத்தெட்டுக்குப் பிறகு வீட்டுக்குள் இருப்பது ஒரு பாதுகாப்பு என்று பழகிவிட்டது. பூங்காவுக்குப் போகலாமே என்றால், பூங்கா சூலே பகோடாவுக்கு எதிரே, நகர மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தச் சந்திப்பில் துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். அங்கே காற்று வாங்க யாரும் போகவில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு டாக்டர் இருந்தார். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பம். தெருப் பெண்கள் அவரை ‘டாக்டர் தம்பி’ என்பார்கள். என் மனைவிக்குச் சர்க்கரை என்று சொன்னவர் அவர்தான். அவளுக்கு முன்னால் வந்தவளுக்கும் சர்க்கரை, அடுத்து உட்கார்ந்திருந்தவருக்குப் பிரஷர். மருந்து வேண்டும், ஆனால் மருந்துக்கடையில் அந்த மாதம் என்ன கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. தினமும் நடப்பது மட்டும்தான் தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்கும் என்றார். அவள் நடப்பதாகச் சொன்னாள். அவர் சிரித்தார்.

“எல்லாரும் இப்படித்தான்க்கா சொல்றாங்க. தனியா நடந்தா ரெண்டு நாள். மூணாவது நாள் மழைம்பீங்க. தெருவையே கூட்டிக்கிட்டுப் போங்க. ஒருத்தி வரலைன்னா இன்னொருத்தி கதவைத் தட்டணும்.”

தெருவையே கூட்டிக்கொண்டு போவது. அவள் மேலே வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னபோது நான் முதலில் செய்தது ஜன்னலைச் சாத்தியது.

அவள் கேட்கவில்லை. அது அவள் சுபாவம். நான் உள்ளே இருந்த ஆண்டுகளில் தைத்துத் தைத்துக் குடும்பத்தை நிறுத்தியவள். யாரிடம் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மாடி மாடியாகப் போய்ப் பேசினாள். பக்கத்துக் கட்டடத்து முஸ்லிம் பெண்கள் வருகிறோம் என்றார்கள். எதிர்வீட்டுப் பர்மாக்காரி, வெற்றிலைக் கடை நடத்துபவள், தன் முட்டி வலிக்கும் நல்லதா என்று கேட்டாள். கோயிலில் பூக்கட்டும் தம்பதி வந்தார்கள். ஒரு வாரத்துக்குள் ஐந்து பேர் என்ற எல்லை எங்கோ பின்னால் போயிருந்தது. நான் அவளிடம் உத்தரவை நினைவூட்டினேன். அது அவளுக்கும் தெரியும். “நான் போகலைன்னா எனக்கு என்ன ஆகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. போனா உங்களுக்கு என்ன ஆகும்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க,” என்றாள்.

இந்த இடத்தில்தான் கார்டு மாமா வருகிறார்.

இரண்டாம் மாடியில் இருந்தவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பாவும் ரயில்வே, அப்பாவின் அப்பா தண்டவாளம் போட வந்தவர். தெரு முழுக்க அவருக்கு மாமா முறை. எங்கள் சிக்கலைக் கேட்டு அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரே தண்டவாளத்தில் பல ரயில்களை மோதாமல் விடுவது எப்படி என்பதில் வாழ்க்கையைக் கழித்தவர் அவர். முன்னால் போன ரயில் ஒரு பகுதியைத் தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததை அந்தப் பகுதிக்குள் விட வேண்டும். நாமும் அப்படியே போவோம் என்றார். நான்கு பேர் ஒரு வண்டி. முதல் வண்டி ஒரு குறுக்குத் தெருவைக் கடந்ததும் அடுத்தது கிளம்பும். எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் ஐந்து பேர் சேர்ந்து இருக்க மாட்டார்கள். சட்டத்துக்குச் சட்டம், நடைக்கு நடை.

என்னிடம் கருத்துக் கேட்டார்கள். எழுத்தில் பார்த்தால் பிழை இல்லை என்றுதான் எனக்கும் பட்டது.

விடிந்து தெருவிளக்கு அணையும் வேளையில் கிளம்புவோம். நடக்கப் போவது போலத் தெரியக் கூடாது என்று பெண்கள் ஆளுக்கொரு சந்தைக் கூடை எடுத்துக்கொண்டார்கள், காலியாக. ஆண்கள் குடையோ தூக்குச்சட்டியோ. புதுக் கேன்வாஸ் ஷூ வாங்கி வைத்திருந்த ஒருவரைத் திருப்பி அனுப்பிச் செருப்புப் போட்டுக்கொண்டு வரச் சொன்னோம். தெருவிலிருந்து ஆற்றங்கரைச் சாலை, அங்கிருந்து கிழக்கே கிடங்குகள் வரை, பிறகு வேறு வழியாகத் திரும்பி வீடு. கார்டு மாமா முதல் முனையில் நிற்பார். ஒரு பச்சைத் துண்டு வைத்திருந்தார். பாதை சரி என்றால் அதை ஒருமுறை அசைப்பார். அடுத்த நால்வர் கிளம்புவார்கள்.

நான் எந்த நால்வரிலும் இல்லை. வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நாள் ஜன்னலோரம் நின்றும் பார்த்தேன். அவர்களைப் பிடித்தால் அடுத்த வீடு என்னுடையதுதான் என்று தோன்றியது. இரண்டாம் நாள் இறங்கிப் போனேன். எல்லோருக்கும் பின்னால், ஒரு தெரு இடைவெளி விட்டு, தனியாக நடந்தேன். கையில் தூக்குச்சட்டியும் இல்லை. எந்தக் கணக்கிலும் சேராமல் இருப்பதே எனக்குப் பாதுகாப்பு என்று நம்பினேன். அங்கிருந்து முழு வரிசையும் தெரிந்தது. யார் நிற்கிறார்கள், யார் அவர்களைப் பார்க்கிறார்கள், எந்த வண்டி வேகத்தைக் குறைக்கிறது எல்லாம் தெரிந்தது. ஒரு ஜீப் கடந்து போனால் அது மூலை திரும்பும் வரை நான் மூச்சு விடமாட்டேன். கடைசி நால்வர் அப்போது ஒரு வாசலில் குனிந்து, விலை கேட்பது போல, மூடியிருக்கும் கடையைப் பார்ப்பார்கள்.

நடை பலன் கொடுத்தது. இரண்டாம் மாடியிலும் மூன்றாம் மாடியிலும் நின்று மூச்சு வாங்கிய பூக்கட்டும் அம்மாள் ஒரே மூச்சில் மேலே போனார். கணவனிடம் சொல்லாமல் தெருமுனையைத் தாண்டாத பெண்கள் ஆற்றங்கரையில் நின்று அக்கரையில் இருக்கும் டாலாவைப் பார்த்தார்கள். வராதவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தட்டுவதும் பயந்துதான், விடியற்காலையில் கதவு தட்டினால் எங்கள் ஊரில் வேறு அர்த்தம். அதனால் தட்டாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். டாக்டர் தம்பியும் வந்து ஒரு நால்வரில் சேர்ந்தார். அவருக்கே பிரஷர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மழை முடிந்து வெயில் வந்த நாட்களில் அந்த ஆளை முதலில் பார்த்தேன். கட்டம் போட்ட லுங்கி, தோளில் ஷான் துணிப்பை, நடுவயது. ஒரு செருப்பின் வார் கம்பியால் கட்டியிருந்தது. ஆற்றங்கரைச் சாலை முனையில் வெற்றிலைப் பெட்டிக்கு அருகில் நின்றான். மறுநாளும் நின்றான். வெற்றிலை வாங்கவில்லை. எங்கள் முதல் நால்வர் கடக்கும்போது, கணக்கு வைப்பவன் போல, பைக்குள் கைவிட்டான். கடைசி நால்வர் கடக்கும்போதும் விட்டான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் பார்த்திருந்தாள். எல்லோரும் பார்த்திருந்தார்கள். தினமும் ஒரே இடத்தில் நின்று பெண்களை எண்ணுகிற ஆளுக்கு அவர்கள் ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. கார்டு மாமாவையும் என்னையும் உக்கட்டா கூப்பிடுகிறார். உக்கட்டா என்றால் வார்டின் தலைவர், அரசாங்கம் வைத்தவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கடிகாரக் கடை வைத்திருந்தவர்தான். மனைவி எனக்கு ஒரு பனியனும் ஒரு சோப்பும் பையில் போட்டுக் கொடுத்தாள். போன முறை அவை இல்லாமல் போனேன். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

அலுவலகத்தில் உக்கட்டா தனியாக இருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். அதைப் பார்த்ததும், அவருக்கும் மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. பயந்த மனிதர் முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்வார்.

பர்மிய மொழியில், மரியாதையாகவே பேசினார். தனக்கு வந்த தகவலைச் சொன்னார். இந்தியர்கள் விடியற்காலையில் நால்வர் நால்வராக அணிவகுத்துப் போகிறார்கள். அணிகளுக்கிடையே அளந்தாற்போல ஒரே இடைவெளி. மூலைகளில் கொடி அசைத்து உத்தரவு தருகிறார்கள். கூடைகளில் ஒன்றும் இல்லை. ஓர் அதிகாரி பின்னால் தனியாக வந்து மேற்பார்வை செய்கிறார். இது என்ன பயிற்சி?

நான் அந்த வாக்கியங்களை மனதுக்குள் ஒருமுறை மெய்ப்புப் பார்த்தேன். ‘பயிற்சி’ என்ற சொல்லைத் தவிர ஒவ்வொன்றும் உண்மை. நாலைந்து தெருப் பெண்கள் கும்பலாகச் சளசளத்துக்கொண்டு போயிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்துக்குப் பயந்து நாங்கள் ஒழுங்காகிவிட்டோம். ஒழுங்குதான் அவர்களைப் பயமுறுத்தியது.

கார்டு மாமா சர்க்கரையிலிருந்து தொடங்கினார். பிரஷருக்கு வந்தார். பிறகு ரயிலுக்கு வந்தார். அங்கே வந்ததும் அவர் குரல் மாறியது. தண்டவாளத்தை எப்படிப் பகுதிகளாகப் பிரிப்பது என்று மேசைமேல் இருந்த தீப்பெட்டியையும் தேநீர்க் கோப்பைகளையும் நகர்த்திக் காட்டினார். உக்கட்டா பொறுமையாகப் பார்த்தார்.

“ரயில் எங்கே?” என்று கேட்டார்.

“நாங்கதான் ஸயா ரயில்.” ஸயா என்றால் பர்மியத்தில் ஐயா.

“சரி. இவர்?” என்னை நோக்கி விரலை நீட்டினார்.

கார்டு மாமா யோசிக்கவே இல்லை. “இவர் கடைசிப் பெட்டி ஸயா. கார்டு வண்டி.”

உக்கட்டா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரயிலுக்குப் பொறுப்பு முன்னால் இருக்கும் டிரைவர்தானே என்று, தெரியாதவர் போலக் கேட்டார். நான் மாமாவின் காலை மிதிக்கப் பார்த்தேன், எட்டவில்லை. வேலைக்காலம் முழுக்க டிரைவர்களோடு இதே வாக்குவாதம் செய்தவர் அவர்.

“இல்லவே இல்லை ஸயா. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. வண்டிக்குப் பொறுப்பு கார்டுதான். அவர் சொல்லாம டிரைவர் நகர முடியாது.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. அந்த அறையில் சுவர்க் கடிகாரங்கள் இரண்டு இருந்தன. உக்கட்டாவின் கடையிலிருந்து வந்தவை. இரண்டும் வேறு வேறு நேரம் காட்டின. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் இருந்த பைக்குள் சோப்பின் விளிம்பு தெரிந்தது.

உக்கட்டா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். “ஸயாவுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது?”

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். என் பையைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த அலுவலகத்துக்கு அதே மாதிரிப் பையோடு வந்தவர்கள் முன்பும் இருந்திருப்பார்கள். எழுந்து ஜன்னலைத் திறந்தார். வெளியே பார்த்தபடி, என் வார்டில் இது வேண்டாம் என்றார். பிறகு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் வார்டு இல்லை என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். எங்களைப் போகச் சொன்னார்.

திரும்பி வந்து படிக்கட்டில் ஏறும்போது கார்டு மாமா, “நான் வேணும்னு சொல்லலைப்பா,” என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அந்தப் பச்சைத் துண்டை அன்றே அவர் வீட்டில் தரை துடைக்கப் போட்டுவிட்டார்கள்.

உக்கட்டாவின் அந்தக் கடைசி வாக்கியத்தை என்ன செய்வது என்று தெரு இரண்டாகப் பிரிந்தது. வழி காட்டுகிறார் என்றார் டாக்டர் தம்பி. கண்ணி வைக்கிறார் என்றேன் நான். ஆற்றைத் தாண்டி ஒன்றாகப் போனால் ‘திட்டமிட்டுச் சென்றார்கள்’ என்று எழுத இன்னும் வசதி. மனைவி இரண்டையும் கேட்டுவிட்டு, டாலாவுக்குப் போகிற படகில் காலையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், அவர்களில் யாரை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்டாள். யாரும் எண்ணுவதில்லை. படகுத் துறையில் கும்பல்தான் இயல்பு. தனியாக நிற்பவன்தான் கண்ணில் படுவான்.

அப்படித்தான் நாங்கள் டாலாவில் நடக்கத் தொடங்கினோம். விடிகாலைப் படகில் காய்கறிக்காரர்கள், மீன் கூடைகள், பள்ளி ஆசிரியைகள், அவர்களுக்கு நடுவில் காலிக் கூடையோடு எங்கள் தெரு. அக்கரையில் படகின் கதவு திறந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கொட்டுவார்கள். சைக்கா என்னும் சைக்கிள் ரிக்ஷா ஓட்டிகள், மூன்று சக்கர வண்டிக்காரர்கள், ஓடி வந்து மறிப்பார்கள். வேண்டாம், நடக்கிறோம் என்றால் நம்பமாட்டார்கள். எங்கே, யார் வீட்டுக்கு, இன்னும் தூரமா என்று கேட்டுக்கொண்டே கூட வருவார்கள். ஒருவர் இரக்கப்பட்டு, யார் இறந்துவிட்டார் என்று கேட்டார். இத்தனை இந்தியர்கள் காலையில் சேர்ந்து நடந்தால் அது இழவுக்குத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. மனைவி அதையே பிடித்துக்கொண்டாள். யார் கேட்டாலும் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போடச் சொன்னாள்.

துறையிலிருந்து குளங்கள், ஓலைக் குடிசைகள் தாண்டி வயல் தொடங்கும் இடம் வரை போவோம். யாரும் நால்வராகப் பிரியவில்லை. கார்டு மாமாவுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. சும்மா இருந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான் இங்கேயும் பின்னால்தான் நடந்தேன். பழக்கம் விடவில்லை.

நான்காவதோ ஐந்தாவதோ காலையில் படகில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மேல்தளத்தில், கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தான். எங்களோடு இறங்கினான். எனக்கும் பின்னால் நடந்தான்.

முதுகில் ஒருவன் பார்வை இருக்கும்போது நடப்பது வேறு மாதிரி நடை. கையை எவ்வளவு வீசுவது என்று தெரியாது. இருமினால் அது சைகையாகுமா என்று யோசிக்க வேண்டும். செருப்பில் கல் புகுந்தால் குனிய மாட்டேன். வயல் முனையில் எல்லோரும் நின்று தண்ணீர் குடிப்பார்கள். நான் அவர்களோடு சேராமல் ஒரு புளியமரத்தடியில் நிற்பேன். சேர்ந்தால் கூட்டத்தில் ஒருவன், சேராவிட்டால் அதிகாரி. எது குறைந்த குற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. பல வாரங்கள் அப்படிப் போயின. இரவெல்லாம் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் மனைவியின் சர்க்கரை இறங்கியது. டாக்டர் தம்பி அதைச் சொன்ன நாளில் அவள் என்னைப் பார்த்த பார்வையில், நிறுத்திவிடலாம் என்று இனி நான் சொல்லக் கூடாது என்பது இருந்தது.

மாப்பிள்ளைக்குத்தான் முதலில் முடியாமல் போனது. வேகமாக நடக்கும் பெண்களைத் தொடர்ந்து வர அவனால் இயலவில்லை. ஒரு காலை குளத்துக்கரையில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. நான் நின்றேன், போவதா என்று தெரியவில்லை. அதற்குள் மனைவி திரும்பி வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். டாக்டர் தம்பி நாடி பார்த்தார். நாளை கிளினிக்குக்கு வாருங்கள், இரத்தம் பார்க்கலாம் என்றார். குணப்படுத்திக்கொள்ளவே வந்தவன் போல அவன் தலையாட்டினான். மறுநாள் பார்த்ததில் அவனுக்கும் சர்க்கரை. அதன் பிறகு அவன் எனக்குப் பின்னால் வரவில்லை. முன்னால், பெண்களோடு, வயல் வரை முழுதாக நடந்தான். எங்களை வேவு பார்ப்பது நின்றதா என்று யாரும் கேட்கவில்லை. நடைக்கு அவனைப் போல ஒழுங்காக வந்தவர் இல்லை. விடுமுறை நாளிலும் வந்தான். அவனுக்கு அது வேலை.

பிறகு ஒரு நாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. பெண்கள் மாப்பிள்ளைக்கு வேறு பெண் கிடைத்துவிட்டது என்றார்கள். யாரும் அதிகம் சிரிக்கவில்லை. அவன் இருந்தபோது இருந்த பயம் எனக்குப் பழகியிருந்தது. இல்லாதபோது வந்தது புதியது. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, எழுதியாகிவிட்டது, இனிப் பார்க்க ஒன்றும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பனியனும் சோப்பும் இருந்த பை கதவுக்குப் பின்னாலேயே தொங்கியது. அவள் அதை எடுத்து வைக்கவில்லை. நடக்கவும் நிறுத்தவில்லை. “இப்ப நின்னா எதுக்கோ நின்னோம்னு ஆயிரும்,” என்றாள். நான் அவர்களுக்குப் பின்னால், யாரும் பின்னால் இல்லாமல், நடந்தேன். முதுகு அப்போதும் சும்மா இருக்கவில்லை.

அவன் திரும்பி வந்தது ஒரு பனிக்காலைப் படகில். புதுச் செருப்புப் போட்டிருந்தான். கீழ்த்தளத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். அதுவரை எங்களுக்குள் ஒரு சொல் இல்லை. படகு நடு ஆற்றுக்கு வரும் வரை ஆற்றையே பார்த்தான். பிறகு, இயந்திரச் சத்தத்துக்குள், பர்மிய மொழியில் சொன்னான்.

“ஸயாவைப் பற்றிக் கேட்டார்கள். ஏன் எல்லோருக்கும் பின்னால் வருகிறார் என்று.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவனாகவே சொன்னான்.

“நடக்க முடியாதவர், பெண்களுக்கு ஈடு கொடுக்க முடியாமல் பின்தங்கி வருகிறார் என்று சொன்னேன். நான் மாதக்கணக்கில் கூட நடந்து பார்த்தவன். நம்பினார்கள்.”

கரை நெருங்கியபோது, “ஸயா வேகமாக நடக்காதீர்கள்,” என்றான்.

அக்கரையில் கதவு திறந்தது. எல்லோரும் இறங்கினார்கள். மனைவி முன்னால், கூடையை வீசிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் பக்கத்தில் மாப்பிள்ளை. நான் பின்னால் நின்று மூச்சு வாங்கினேன். வாங்கத் தேவையில்லை; அந்த மாதங்களில் என் கால்கள் உள்ளே போவதற்கு முன்பு இருந்ததைவிடத் திடமாகியிருந்தன. ஒரு சைக்கா ஓட்டி அருகில் வந்து, ஏறிக்கொள்ளுங்கள், உங்களால் முடியவில்லை என்று இரக்கப்பட்டான். அவன் பார்க்க வேண்டும் என்றே இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

‘மீதி’ முடியும் வரை அப்படித்தான் நடந்தேன். காலை இழுத்து, குளத்துக்கரையில் ஒருமுறை, புளியமரத்தடியில் ஒருமுறை உட்கார்ந்து. எந்த நாளில் அது முடிந்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை. நானாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் காலையில் துறையிலிருந்து வேகமாகப் போய் அவர்களைப் பிடித்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். பாதி வழியில் எனக்கு முன்னால் இருந்த மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். என் கால்கள் தாமாகவே இழுத்து நடக்கத் தொடங்கின.